நல்லதங்காளும் உடைந்த ஒற்றைக்கொம்பும்

நல்லதங்காள் கதையை மாற்றி எழுதிய என் புத்தகம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. 176 பக்கம், 500 பிரதி. எழுத எட்டு மாதம்தான் ஆனது. அச்சேற்ற ஒன்றரை வருடம்.

நல்லதங்காள் கதை உங்களுக்குத் தெரியும். பஞ்சம், ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்து அண்ணன் வீட்டுக்கு நடை, கதவடைத்த அண்ணி மூளி அலங்காரி, கடைசியில் கிணறு. பழி மொத்தமும் மூளி தலையில் விழுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தல். தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேட்டையிலேயே இருந்துவிட்ட அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் கதையில் இல்லாத ஒருத்தியைக் கூட்டிவந்தேன்: மூளியின் மகள், பதினாலு வயது. கிணறு பேசுவது அவள் காதில் மட்டும் விழும். நல்லதங்காள் கிணற்றடிக்கு வரும்போது அவள் ஏற்கெனவே உள்ளே இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதலில் அணுகிய பதிப்பாளர் நான்கு மாதம் கையெழுத்துப் பிரதியை வைத்திருந்துவிட்டு போனில் சொன்னார்: "நல்லதங்கா சாகலேன்னா அது நல்லதங்கா கதையே இல்லம்மா." நான், "சார், சாவு இல்லாம படிச்சுப் பாருங்களேன்" என்றேன். அடுத்த கேள்வி, இது சிறுவர் நூலா, பெரியவர் நாவலா. இளையோருக்கு என்றால், அதை எந்த அலமாரியில் வைப்பது என்கிறார். சரி, நாமே போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

நாட்டார் கதைக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் அதே கதையை வைத்து வந்த சினிமாவிலிருந்தோ நாவலிலிருந்தோ புதிதாகச் சேர்த்த காட்சியை எடுத்துவிடாதீர்கள். அது அவர்கள் சொத்து. நான் 'பெரிய எழுத்து' என்று பழைய காலத்தில் மலிவாக விற்ற கதைப் புத்தகத்தையும் பாட்டி சொன்னதையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்கித் தர மூவாயிரம் கேட்டார் ஒருவர். கொடுக்கவிருந்தேன், நல்லவேளை தோழி தடுத்தாள். இந்தியாவில் அது இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் தேசிய முகமையின் தளத்தில் எழுதியவரே விண்ணப்பிக்கலாம். அச்சுக்கு ஓர் எண், மின்நூலுக்கு வேறு எண். பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை, எழுதியதுமே உரிமை நம்முடையதுதான். இருந்தாலும் 500 ரூபாய் கட்டிப் பதிந்தேன். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று முப்பது நாள் காத்திருப்பு. அது முடிந்ததும் என் இனிஷியல் ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் ஒற்றை எழுத்தாகவும் இருப்பதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கட்டம் போட்டவர்கள் தமிழ்ப் பெயரைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

இதெல்லாம் தூசு. வயிறு எரிந்தது அச்சகத்தில்.

லே-அவுட் செய்த தம்பி கெட்டிக்காரர். முதல் புரூஃப் சுத்தமாக இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயங்களை நான் திருத்தி வேர்டில் அனுப்பினேன். அவர் அதை அப்படியே ஒட்டினார். புது பி.டி.எஃப்.-ஐ பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் பார்த்து "ஓகே" போட்டவள் நான். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பைண்டிங்குக்கு முந்தின நாள் சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். ஃபாரம், அதாவது பதினாறு பக்கம் அச்சான பெரிய தாள், மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு தாளை நீட்டி, "இதென்னங்க, எழுத்து பிய்ச்சுக்கிட்டு நிக்குது?" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் தனியே நின்றது. திருத்திய பத்திகளில் மட்டும். இந்தப் புத்தகத்தில் 'பெண்' என்ற சொல் எத்தனை முறை வரும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனையும் உடைந்திருந்தது.

காரணம் சின்னது. லே-அவுட் செய்யும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் எழுத்து சரியாகச் சேர 'வேர்ல்டு-ரெடி' கம்போசர் என்ற அமைப்பு வேண்டும். அது பத்திக்குப் பத்தி மாறக்கூடியது. ஒட்டிய பத்திகள் பழையதிலேயே இருந்துவிட்டன. "அக்கா, நீங்க ஓகே சொன்னீங்களே" என்றார் தம்பி. அச்சக முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் வாதாடினேன். முதல் புரூஃபில் சரியாக இருந்த எழுத்து ரெண்டாவதில் எப்படிக் கெட்டது என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் இரண்டு ஃபாரத்தை, அதாவது 32 பக்கத்தை, மறுபடி அச்சடிக்கத் தாள் செலவு என்னுடையது, கூலி அவருடையது என்று இறங்கிவந்தார். பைண்டிங் முடிந்த பிறகு பார்த்திருந்தால் 500 பிரதியும் போயிருக்கும்.

எனவே, கடைசி பி.டி.எஃப்.-ஐத் தாளில் எடுத்துப் பாருங்கள். கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறும் ஒழுங்காக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு பக்கத்திலும் விரல் வைத்துத் தேடுங்கள். திருத்தம் போட்ட இடத்தை இரண்டு முறை.

மடிக்கிற அக்கா வேலையை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளைங்க கிணத்துக்குள்ள போகலையா?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

கெட்டுப்போன தாள்களை அச்சகத்திலேயே எடைக்குப் போட்டார்கள். அந்தக் காசைப் பில்லில் கழிக்கவில்லை.