விரலைச் சுடாத வலுப்பெருக்கி

தலவாக்கலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வீ.எச்.எஃப். (மிக உயர் மீடிறன்) அலைகள் அடுத்த முகட்டோடு நின்றுவிடும். அதனால் என் அமெச்சூர் வானொலிக்கு 7 மெகாஹேர்ட்ஸ்தான் கைகொடுக்கிறது. அன்டெனாக் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலேறி, மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றப் படையான அயனமண்டலத்தில் பட்டு, மலைகளுக்கு அப்பாலும் இறங்கும். மோர்ஸ் குறிகளுக்கு ஐந்து வாட் போதும்.

அந்த ஐந்து வாட்டுக்குத்தான் பாடுபட வேண்டியிருந்தது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாங்களும் மெழுகுவர்த்தியோடுதான் இருந்தோம்! அப்போது 12 வோல்ட், 7 அம்பியர்மணி பெட்டரிக்கும் ஒரு சிறிய சூரியத் தகட்டுக்கும் மாறினேன். தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் இங்கே வெயில் என்பது வந்துபோகும் விருந்தாளி. பெரிய தகடு வாங்கலாம். ஆனால் இருக்கிற மின்சாரம் எங்கே போகிறது என்று பார்க்காமல் காசை இறைக்க மனம் வரவில்லை.

முதலில் அளந்தேன். இருபது 1 கிலோஓம் தடையிகளைச் சமாந்தரமாக இணைத்தால் 50 ஓம். அதுவே போலி அன்டெனா, அதாவது வலுவை வானில் விடாமல் தானே வாங்கிக்கொள்ளும் சுமை. அதன் மேல் உச்ச வோல்ட்டை ஒரு டயோடு வழியாக அளந்து, அதை வர்க்கித்து, நூறால் வகுத்தால் வலு கிடைத்துவிடும். 22.4 வோல்ட் என்றால் ஐந்து வாட். அதைத் தருவதற்கு, குறியை அன்டெனாவுக்கு ஏற்ற வலுவுக்கு உயர்த்தும் என் பழைய வலுப்பெருக்கி 12 வோல்ட்டில் 0.82 அம்பியர் இழுத்தது. வினைத்திறன் 51 வீதம். வானுக்குப் போன அளவு வலு வெப்பத்தகட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

பெருக்கிகளை ட்ரான்சிஸ்டர் வேலைசெய்யும் விதத்தை வைத்து வகுப்புகளாகப் பிரிப்பார்கள். ஏ வகுப்பின் உச்ச வினைத்திறன் கோட்பாட்டளவிலேயே 50 வீதம், பீ வகுப்பின் உச்சம் 78.5 வீதம். நடைமுறையில் இரண்டும் அதற்குக் கீழேதான். 1975இல் நேதன் சோக்கல், அலன் சோக்கல் இருவரும் விவரித்த ஈ வகுப்பு வேறு வழியில் போகிறது. அதில் ட்ரான்சிஸ்டர் வெறும் ஆளி. ஆளி திறந்திருக்கும்போது ஓட்டம் இல்லை. மூடியிருக்கும்போது வோல்ட் இல்லை. எனவே அதற்குள் சூடாக எதுவும் மிஞ்சக்கூடாது. ஆனால் செக்கனுக்கு எழுபது இலட்சம் தடவை மூடும்போது, அந்தக் கணத்தில் ஆளிக்குக் குறுக்கே உள்ள கொள்ளளவியில் வோல்ட் எஞ்சியிருந்தால் அது அத்தனையும் ட்ரான்சிஸ்டருக்குள்ளேயே எரியும். ஆகவே வோல்ட் தானாகவே சுழிக்கு (பூச்சியத்துக்கு) இறங்கி, அங்கே தணிந்து நிற்கும் நேரத்தில் ஆளி மூடவேண்டும். பஸ் நின்ற பிறகு ஏறுவதைப் போல.

கணக்கு எளிது. 12 வோல்ட்டில் ஐந்து வாட்டுக்குச் சுமைத்தடை 16.6 ஓம், ஆளிக்குக் குறுக்கே 250 பிக்கோபரட் கொள்ளளவி. 50 ஓம் அன்டெனாவை அந்த 16.6 ஓமுக்கு இறக்கிக் காட்ட ஒரு சுருளும் கொள்ளளவியும் வேண்டும். ஆளியாக மூன்று பிஎஸ்170 மொஸ்பெட்டுகள் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்), சுருள்களுக்கு டி50-2 சிவப்பு வளையங்கள். இவற்றைத் தேடிக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். ஒரு கடையில் வாங்கிய மொஸ்பெட்டுகளில் சில, 60 வோல்ட் தாங்கவேண்டியவை, நாற்பதிலேயே கசிந்தன. ஈ வகுப்பில் ஆளியின் மேல் வழங்கல் வோல்ட்டின் 3.56 மடங்கு, அதாவது 43 வோல்ட், ஏறும். பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் சோதித்துவிடுங்கள்.

கண்டியில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அலைகாட்டி இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி கோப்பதுதான். அதன் அளவிடு முனையான ப்ரோபை பத்து மடங்கு நிலையில் வைக்கவேண்டும். ஒரு மடங்கு நிலையில் அதன் சொந்தக் கொள்ளளவே நூறு பிக்கோபரட் அளவுக்கு வந்து, நாம் அளக்கவந்த சுற்றையே மாற்றிவிடும்.

"மாஸ்டர், வோல்ட் இறங்கி முடிவதற்குள் ஆளி மூடிவிடுகிறதே" என்றார் அவர், திரையைப் பார்த்ததும். மொஸ்பெட்டுகளுக்கு உள்ளேயே கொள்ளளவு உண்டு. வோல்ட் குறையக் குறைய அது கூடும். வெளியே போட்டிருந்த கொள்ளளவியிலிருந்து 47 பிக்கோபரட் கழற்றினோம். பள்ளம் கீழே இறங்கியது, ஆனால் சுழியைத் தொடவில்லை. பிறகு வளையத்தில் சுற்றுகளை ஒரு பல்குத்தும் குச்சியால் நெருக்கினோம். நெருக்கினால் தூண்டல் கூடும், விரித்தால் குறையும். கொஞ்சம் நெருக்கி, ஓட்டம் பார்த்து, மறுபடி கொஞ்சம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: வெளியீட்டு மீற்றரை மட்டும் பார்த்தால் ஆறு, ஏழு வாட் என்று ஆசை காட்டும். அந்த இடத்தில் மொஸ்பெட் கொதிக்கும். வலுவை ஓட்டத்தோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

கடைசியில், உயர் மீடிறன்களைத் தடுக்கும் தாழ்கடத்தி வடிகட்டியையும் தாண்டி ஐந்து வாட், 0.51 அம்பியரில். வினைத்திறன் 82 வீதம். வெப்பமாகப் போவது 4.8 வாட்டிலிருந்து 1.1 வாட்டாகக் குறைந்தது. அதிலும் ஒரு பங்கு வடிகட்டிச் சுருள்களில் போகிறது. அதற்காக வடிகட்டியைக் கழற்ற முடியாது. ஈ வகுப்பின் வெளியீட்டில் 7 மெகாஹேர்ட்ஸின் மடங்குகளான இசைவு மீடிறன்கள் உண்டு, அவற்றை வானில் விட நமக்கு அனுமதிப்பத்திரம் தரப்படவில்லை. வெப்பத்தகடு இப்போது இல்லை. மொஸ்பெட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே மோர்ஸ் சாவியை அழுத்தலாம்.

இரண்டு விடயங்களில் இன்னும் கவனம் தேவைப்படுகிறது. மழையில் அன்டெனா நனைந்தால் அதன் தடை நகர்கிறது, வினைத்திறனும் கூடவே நகர்கிறது. ஆகவே அனுப்புவதற்கு முன், அன்டெனாவைப் பெருக்கிக்குப் பொருத்திக்கொடுக்கும் ட்யூனரைத் தொட்டுப் பார்க்கிறேன். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் பெட்டரி 14.4 வோல்ட்டுக்கு ஏறும்போது உச்சம் 51 வோல்ட்டைத் தொடுகிறது. 16 வோல்ட் கொடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாற்று மொஸ்பெட்டுகளைக் கையோடு வைத்திருக்கட்டும்.

பண்டாரவளையில் இருக்கும் அண்ணன் ஒருவர் இதையே குரலுக்கும் கேட்டார். இந்தச் சுற்று அப்படியே குரலுக்கு உதவாது. ஆளிக்குத் திறப்பதும் மூடுவதும்தான் தெரியும், குரலின் ஏற்ற இறக்கம் அதில் ஏறாது. அதற்கு வழங்கல் வோல்ட்டையே குரலோடு சேர்த்து ஏற்றி இறக்கவேண்டும். இல்லாவிட்டால் 1936இல் வில்லியம் டோகர்ட்டி காட்டிய இரட்டைப் பெருக்கி முறைக்குப் போகவேண்டும். கைத்தொலைபேசிக் கோபுரங்களில் பரவலாக இருப்பது அந்த முறைதான். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பழைய பெருக்கிக்கு இன்னும் பெரிய வெப்பத்தகடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.