மொட்டைமாடியில் ஒரு ஸ்கிம்போர்டு: எபாக்ஸியும் கத்திரி வெயிலும்

அலை திரும்பிப் போகும்போது ஈர மணல்மேல் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் நிற்குமே, அதில் சறுக்குவதற்கான பலகைதான் ஸ்கிம்போர்டு. சர்ஃப்போர்டு மாதிரி அடியில் துடுப்பெல்லாம் கிடையாது. தண்ணீர்மேல் எறிந்துவிட்டு, பின்னாலேயே ஓடி ஏற வேண்டும். கோவளத்தில் பையன்கள் சறுக்குவதைப் பார்த்த அன்றே ஆசை பிடித்துவிட்டது.

4 மி.மீ. மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) இரண்டு வாங்கினேன். வெட்டிய அளவு 110 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். 8 மி.மீ. பலகையாக ஒன்றே வாங்கினால் மூக்கை, அதாவது முன்முனையை, வளைக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பசை) தடவி ஒட்டி, மூக்குக்கு அடியில் 5 செ.மீ. கட்டை கொடுத்து, நடுவில் இரண்டு தண்ணீர் கேன், மூக்கின்மேல் வீட்டு அம்மிக்கல். மறுநாள் எடுத்தபோது லேசாக நிமிர்ந்து 4 செ.மீ. வளைவு நின்றது. போதும்.

பலகைமேல் போர்த்த ஃபைபர் (கண்ணாடி இழை) வாங்கப் போன இடத்தில் படகு வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தடுத்தார். “தம்பி, எபாக்ஸிக்கு இந்த மேட் சரிப்படாது, துணியா வாங்கு.” மேட் என்பது நெய்யாமல் பசையால் ஒட்டிய இழை விரிப்பு. அந்தப் பசை, படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தில்தான் கரையுமாம். எபாக்ஸியில் மேட் விறைப்பாகவே நிற்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள நெய்த இழைத் துணி வாங்கி வந்தேன்.

எபாக்ஸியின் இரண்டு பாகம், ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும், எடையில் 10:1. சமையலறைத் தராசில் துல்லியமாகத்தான் நிறுத்தேன். ஆனால் மொத்தமாக 300 கிராமை ஒரே மக்கில் கலந்தது முட்டாள்தனம். கால் மணி நேரத்துக்குள் மக் இளகி, புகை வந்தது. அப்புறம் 100 கிராமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டேன். மெல்லிசாகப் பரவிக் கிடந்தால் சூடு தேங்காது. பழைய ஏடிஎம் கார்டால் துணிமேல் இழுத்துவிட்டேன்.

பெரிய அடி அடுத்து விழுந்தது. முதல் பக்கத்தைக் காலை ஒன்பது மணிக்குப் பூசிவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி முழுக்கக் கொப்புளம்! வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகாத ரெசின் வழியாக வெளியேறுகிறது. இரண்டு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடித் தூள் பட்டு, கையெல்லாம் பூனைக்காலி தடவின மாதிரி அரிப்பு. முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தன. அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொன்னாள்.

மறுபக்கத்தைச் சாயங்காலம், மரம் ஆற ஆரம்பித்த பிறகு பூசினேன். ஆறும்போது உள்காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதே மாடி, அதே ரெசின், ஒரு கொப்புளம் இல்லை.

கால் பிடிப்புக்கு, மேல்பக்கத்தின் கடைசிப் பூச்சில் சலித்த மணலைத் தூவினேன். மொத்தம் 3 கிலோ சொச்சம்.

ஞாயிறு காலை முதல் ஓட்டம். மூன்று முறை மல்லாக்க விழுந்தேன். நான்காவது முறை மூன்று, நான்கு மீட்டர் சறுக்கியது. மூக்கு மணலில் குத்தவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கழுவும்போது வால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. துணி மரத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஓரத்தை நன்றாக உருட்டாமல் கூர்மையாக விட்டிருந்தேன், துணி அங்கே மடிந்து ஒட்டவில்லை. அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தாயிற்று. ஐந்து மணிக்கு மேல் ஒட்டுப் போடணும்.