பறக்கட்டும், ஆனா கடைசி ஒண்டு ரெண்டு வேண்டாம்

கனடாவில ஹமில்ட்டனில ஒரு லங்காஸ்டர் நிக்குது. ரெண்டாம் உலக யுத்தத்து நாலு எஞ்சின் குண்டுவீச்சுப் பிளேன், 1945 இல மோல்ற்றனில கட்டினது, எங்கட சனம் போய் இறங்கிற பியர்சன் எயார்போர்ட் இருக்கே, அந்தப் பக்கம்தான். 7,377 செய்ததில இண்டைக்கு உலகத்தில பறக்கிற நிலையில இருக்கிறது ரெண்டே ரெண்டு, மற்றது இங்கிலாந்து எயார்போர்சிட்ட. காசு கட்டினால் ஹமில்ட்டன்காரர் ஏத்திக்கொண்டு பறக்கவும் செய்வினம். அங்க இருக்கிற என்ர மச்சான் உதில விசரன், எனக்கும் அவனுக்கும் சண்டை வாறதெண்டால் உதாலதான்.

உப்பிடி மிஞ்சின பழைய பிளேன்கள் பறக்கத்தான் வேணுமெண்டு நிக்கிறான் அவன். நிண்டால் அது வெறும் தகரமாம், சத்தம் கேக்கோணுமாம். யாழ்ப்பாணத்தில இருக்கிறவனுக்குப் பிளேன் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான் பாருங்கோ! பொம்மர் எது, சகடை எது, ஹெலி எது எண்டு அண்ணாந்து பாக்காமலே சொல்லி, பங்கருக்க ஓடின சனம் நாங்கள். இப்பவும் பலாலிக்கு வாற சென்னைப் பிளேன் கொஞ்சம் பதிஞ்சு போனால் அம்மா கையில இருக்கிற அகப்பையோட முத்தத்துக்கு வந்து பாத்திட்டுத்தான் மற்ற வேலை. ஆனா எனக்கு லங்காஸ்டரில இருக்கிற அந்த மெர்லின் எஞ்சின்ர சத்தம் பிடிக்கும், அதை ஏன் மறைப்பான்.

பிரச்சினை சத்தம் இல்லை, விழுந்தால் திரும்பி வராது எண்டதுதான். 1996 ஜூலையில இங்கிலாந்தில மன்செஸ்ரருக்குக் கிட்ட எயார் ஷோவில மொஸ்கிற்றோ எண்ட யுத்தகாலப் பிளேன் ஒண்டு விழுந்து ரெண்டு பேரும் செத்துப்போச்சினம், அந்த நேரம் பறக்கிற மொஸ்கிற்றோ எண்டால் அது ஒண்டுதான். 1997 இல அங்க டக்ஸ்போர்ட் எண்ட இடத்தில, யுத்தத்தில ஜேர்மன்காரர் பாவிச்ச மெசர்ஸ்மிட் 109 சண்டைப் பிளேன் ஒண்டு, பறந்தது காணும் எண்டு மியூசியத்துக்குக் குடுக்க இருந்த கட்டத்தில, இறங்கேக்க வயலுக்க போய்க் கவிண்டுது. 2022 இல டலஸில ரெண்டு பழைய பிளேன் வானத்திலயே மோதி ஆறு பேர்.

மச்சான்ர பக்கத்திலயும் நியாயம் இருக்கு, அதுக்கு அவன் இழுக்கிறது பிளெனிம் எண்ட இங்கிலாந்துக் குண்டுவீச்சுப் பிளேன்ர கதை. 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரன் திருகோணமலையை அடிச்ச அண்டைக்கு, கொழும்பு ரேஸ்கோர்சில இருந்து ஒன்பது பிளெனிம் அவன்ர கப்பல்களைத் தேடிப் போனது, அஞ்சு திரும்பி வரேல்லை. அந்த வகையில இண்டைக்குப் பறக்கிறது டக்ஸ்போர்ட்டில ஒண்டே ஒண்டு. பன்னிரண்டு வருசம் இருந்து திருத்தி 1987 இல பறக்கவிட்டது ஒரு மாதத்துக்குள்ள விழுந்துது, பிறகு இன்னொண்டைத் திருத்தினவை, அது 2003 இல அடிபட்டுது, விடாமல் 2014 இல திரும்பவும் ஏத்திப்போட்டினம். இப்ப அதில இருக்கிற மூக்குப் பகுதி யுத்தம் முடிஞ்ச பிறகு ஆரோ ஒருத்தர் மின்சாரக் காராக்கி ஓடித் திரிஞ்சது, உடம்பு கனடாவில கட்டினது. அந்தப் பிடிவாதத்தைக் கும்பிடலாம். ஆனா எங்கட ஊரில மண்ணெண்ணெயில ஓடின ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார் மாதிரித்தான் அது, எஞ்சின் வேற, கதவு வேற, லைசன்ஸ் புத்தகம் மட்டும் பழசு. பறக்கவைக்கிறதெண்டால் செட்டைக்குள்ள போற முக்கியமான சட்டம், தகடு, ஆணி எண்டு துருப்பிடிச்சதெல்லாத்தையும் கழட்டிப் புதுசு போடத்தான் வேணும், இல்லாட்டி ஏறுறவன் சாவான். பேந்து 1942 இல ஆர் எப்பிடி ஆணி அடிச்சவன் எண்டு எதைப் பாத்து அறியிறது?

ஸ்பிட்பயர் எண்ட சண்டைப் பிளேன் பறக்கட்டும், அது டசின் கணக்கில கிடக்கு. மிச்சம் ஒண்டு ரெண்டுதான் எண்டால் நிலத்தில ஓட்டுங்கோ. இங்கிலாந்தில ஈஸ்ற் கேர்க்பி எண்ட இடத்தில அப்பிடித்தான் செய்யினம், 1944 இல நியூரம்பேர்க்குக்குக் குண்டு போடப் போய்ச் செத்த அண்ணரின்ர நினைவா ரெண்டு சகோதரங்கள் வாங்கின லங்காஸ்டர், நாலு எஞ்சினும் முழங்க ஓடுபாதையில ஓடும், சனம் உள்ளுக்க இருந்துகொண்டு போகலாம், பறக்கிறது மட்டும் இல்லை. சத்தமும் கிடைக்குது, சாமானும் மிஞ்சுது, ஒருத்தரும் சாகேல்லை. இதை மச்சானுக்கு எழுதினன். அவங்களும் அதைப் பறக்கவைக்கத்தான் இப்ப திருத்துறாங்கள், தெரியாதோ எண்டு கேட்டு ஒரு சிரிப்புப் படமும் போட்டு அனுப்பியிருக்கிறான்.

தெரியும். விசர் வேலை எண்டு பதில் போட்டிட்டன்.