அரம் சாரும் ஒரு செப்புக் கிண்ணமும்

நம் பள்ளியின் பட்டறை ஆசிரியர் காலமான செய்தி சென்ற மாதம் மலேசியாவில் நான் வாழும் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. அவருடைய இயற்பெயரைச் சொன்னால் நம்மில் பலர் சற்று யோசிக்கக்கூடும். 'அரம் சார்' என்றால் எந்த ஆண்டு படித்தவருக்கும் தெரியும். நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் அவரைப் பற்றி எழுதக் கேட்டபோது, பணி ஓய்வுக்குப் பின் நானாகக் கற்றுக்கொண்ட செம்பு வேலையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத இயலாது என்று தோன்றியது.

பட்டறை வகுப்பை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அரத்தால் அராவி முடித்த இரும்புத் துண்டை, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தோடு சேர்த்து அவர் சன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பதும், வரிசையில் நிற்பவர்கள் அவர் முகத்தையே பார்த்திருப்பதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். "வெளிச்சம் வருது தம்பி, போய் அராவு" என்பார். என் துண்டு அந்த ஆண்டு கடைசிவரை தேறவில்லை. ஆண்டு விழாக் கண்காட்சியில் மற்றவர்களின் துண்டுகள் பெயர்ச்சீட்டோடு மேசையில் இருந்தன, என்னுடையது இல்லை. அதைப் பார்ப்பதற்கென்றே கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த அப்பத்தா, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து என் பெயரைத் தேடினார். அந்தக் கூச்சம் வெகுகாலம் என்னுடன் இருந்தது. கல்லூரியில் வணிகவியல் எடுத்ததற்கும், கணக்காளனாகக் கடல் கடந்ததற்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஈப்போ, உலகின் வெள்ளீயத்தில் பெரும்பங்கை ஒரு காலத்தில் தோண்டித் தந்த கிந்தா பள்ளத்தாக்கின் நகரம். 1985-இல் ஈய விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்கள் இன்று ஈயக்குட்டைகளாக நீர் நிறைந்து கிடக்கின்றன. அங்கே மூடப்படவிருந்த ஒரு பழுதுபார்க்கும் கடையில், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் ஒன்றும் சில அரங்களும் விலைக்கு வந்தன. வீட்டின் பின்கட்டில் அவற்றைப் பொருத்தி, ஒரு மரக்கட்டையில் குழி குடைந்து, செப்புத் தகடு வாங்கி வைத்தேன். சொல்லித்தர எவரும் இல்லை.

செம்பைத் தட்டத் தட்ட அது இறுகும். ஓர் அளவுக்கு மேல் இறுகினால் விளிம்பு வெடித்துவிடும். ஆகவே வட்டமாக வெட்டிய தகட்டை மரக்குழியின் மேல் வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் வளையம் வளையமாகத் தட்டிக்கொண்டு வருகையில், ஓசை மாறுவதைக் காது கவனிக்க வேண்டும். தகடு மணிபோல் ஒலிக்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டுக் காய்ச்ச வேண்டும். நான் விளக்கை அணைத்துவிட்டுத்தான் காய்ச்சுவேன். வெளிச்சத்தில் அந்த மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு வந்ததும் தண்ணீரில் அமிழ்த்தினால் செம்பு மறுபடி இளகியிருக்கும். கரிமம் சேர்ந்த எஃகையோ அதேபோல் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் கண்ணாடிபோல் கடினமாகி உடையும். இந்த வேறுபாட்டை அரம் சார் ஒரு நாள், பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றாக, செப்புக் கம்பியையும் பழைய அரத்தின் துண்டையும் அடுத்தடுத்துக் காய்ச்சிக் காட்டினார். கம்பியை அவர் விரலில் சுற்றிக் காட்டியது என் நினைவில் அப்படியே இருந்தது. என் முதல் கிண்ணம் கையில் உருவாகி வந்தபோது எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர் அந்த நினைவுதான்.

தீயில் கறுத்த தகட்டைப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தேய்த்தால் இளஞ்சிவப்பாகத் துலங்கும். நம் வீடுகளில் குத்துவிளக்குத் துலக்கியவர்களுக்கு இது புதிதல்ல. தட்டுவதும் காய்ச்சுவதும் துலக்குவதுமாக மாலைப்பொழுது முழுவதும் போய்விடுகிறது. முப்பதாண்டுகள் பிறர் கணக்கைச் சரிபார்த்த மனம், அப்போது மட்டும் வேறு எதையும் கூட்டிக் கழிக்காமல் தகட்டின் ஓசையோடு நிற்கிறது. இந்த அமைதியைக் கோவில்களில்கூட நான் இவ்வளவு தவறாமல் பெற்றதில்லை. சார் என் துண்டை ஏற்காததன் நியாயமும் இந்த வேலையில்தான் விளங்கியது. தேறாததைத் தேறியது என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் அப்பத்தாவுக்காகவும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கிண்ணத்துக்கு ஈயமும் பூசினேன். ஈயம் பூசாத செம்பில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, 232 பாகை செல்சியஸில் உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் ஓட்டிவிட வேண்டும். நம் தெருவில் ஈயம் பூசுபவர் வந்து அமர்ந்தால், எழும் புகைக்கு அஞ்சி நாம் தள்ளி நின்றோம்.

சென்ற முறை காரைக்குடிக்கு வந்தபோது பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய வீடுகளின் சாமான் அறைகளிலிருந்து வெளியேறிய அண்டாக்களும் அடுக்குகளும் கூஜாக்களும் கடை வாசல்வரை குவிந்திருந்தன. பழைய செப்புத் தவலை ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பியபோது, வயிற்றைச் சுற்றிப் பல் பல்லாகக் கோத்துப் பொருத்தப்பட்ட ஒரு கோட்டைக் கண்டேன். இரண்டு தகடுகளின் விளிம்பையும் பற்களாக வெட்டி, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊதி, பின் தட்டி ஒரே தகடாக ஆக்கியிருக்கிறார்கள். விரலால் தடவினால் இணைப்பே தெரியவில்லை. அப்படிப்பட்ட பாத்திரங்களில் தண்ணீர் மொண்டு குடித்து வளர்ந்த எனக்கு, அந்த வேலை எத்தகையது என்பது அறுபது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது.

பள்ளிக்குப் போகும் வழியில் கம்மியர் பட்டறைகளின் ஓசையைக் கடந்துதான் நாம் நாள்தோறும் போனோம். ஒரு நாளாவது அந்த வாசலில் நின்றிருக்கலாம். ஊரிலேயே இருந்திருந்தால் என்றாவது நின்றிருப்பேன் என்று இப்போது அடிக்கடி எண்ணுகிறேன். சாரையும் போய்ப் பார்த்திருப்பேன். ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் கல்யாணமும் முன்னோருக்கான படைப்புமாக நாட்கள் தீர்ந்துபோயின.

அந்தப் பல் இணைப்பை நான் பலமுறை முயன்று பார்த்துவிட்டேன். பற்றவைப்புக்கு உதவும் வெண்காரம் உருகிப் பொடி ஓடும் நேரத்தில் பற்கள் விலகிவிடுகின்றன. அவற்றை எப்படிப் பிடித்து வைத்தார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. இந்த வேலை தெரிந்த பெரியவர் எவரேனும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்தால் சங்கத்தின் வழியாகத் தெரியப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் தை மாதம் ஊருக்கு வருகிறேன். தகடும் வெண்காரமும் கொண்டுவந்து, அவருக்கு வசதிப்படும் நாளில் நேரில் பார்க்கிறேன்.