ஸ்டெதாஸ்கோப்பை உச்சியில் வைத்தார்

பிறந்த மூன்றாம் நாள் என் மகள் பால் குடிக்கத் திணறினாள். இரண்டு மடக்கு உறிஞ்சுவாள், மூச்சு வாங்கும், நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். மார்கழிக் குளிரில் பச்சைப் பிள்ளைக்கு ஏன் வேர்க்கிறது என்று முதலில் கேட்டது என் மாமியார்தான். எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது. ஓட்டையாக இருக்கலாம் என்று சொல்லி ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். பெரிய ஓட்டை இல்லை, வால்வும் சரியாகவே இருந்தது. ஆனால் வலப்பக்க அறைகள் வீங்கியிருந்தன. தலையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் பெரிய சிரையும் பருத்திருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பிள்ளையின் உச்சிக்குழியில் வைத்தார். அசதியில் இடம் மாறி வைக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு அதை என் காதில் மாட்டினார். ரைஸ் மில்லுக்கு வெளியே நின்றால் கேட்குமே, அப்படி ஓர் இரைச்சல். துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கியது.

"இதயத்துல கோளாறு இல்லீங்க. அதைப் போட்டு அடிக்கிறது தலைக்குள்ள இருக்கு" என்றார்.

எம்.ஆர்.ஐ. அதை உறுதிசெய்தது. வெயின் ஆஃப் கேலன் மால்ஃபார்மேஷன். கருவிலேயே மறைந்திருக்க வேண்டிய ஒரு சிரை மூளையின் நடுவில் தங்கிவிட்டது. தமனிகள் நுண்குழாய்கள் வழியே போகாமல் நேராக அதற்குள் ரத்தத்தைக் கொட்டுகின்றன. எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் வாய்க்கால் உடைந்து தண்ணீர் வயலுக்குப் போகாமல் கிணற்றுக்கே திரும்புகிறது. மோட்டார் சூடாகாமல் என்ன செய்யும்?

வயிற்றில் இருந்தவரை ஒன்றும் தெரியாததற்கும் காரணம் உண்டு. அங்கே நஞ்சுக்கொடியும் எளிதாக ரத்தத்தை வாங்கிக்கொள்வதால் அது இரண்டு பக்கமும் பிரிந்து போகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் அந்தப் பக்கம் அடைபட்டு, பாரமெல்லாம் தலைப்பக்கம் திரும்புகிறது. இது பெரும்பாலும் கடைசி மூன்று மாத ஸ்கேனில்தான் தெரியவருமாம். எங்களுக்கு அதிலும் சிக்கவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று ஓர் அத்தை ஆரம்பித்தார். என் மனைவி சாப்பிட்டதோ செய்ததோ எதுவும் காரணமில்லை என்பதை டாக்டர் அவர் முன்னாலேயே சொன்னது பெரிய உபகாரம்.

அப்புறம் காத்திருப்பு. இதயம், மூளை, மூச்சு, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு 21க்கு எத்தனை என்று பார்க்கிறார்கள். 8க்குக் கீழே போனால் சிகிச்சை பலன் தருவது கடினம். 12க்கு மேல் இருந்தால் மருந்திலேயே ஐந்தாறு மாதம் வளர்த்துவிட்டுச் செய்யலாம். நடுவில் இருந்தால் உடனே செய்ய வேண்டும். இவளுக்கு முதலில் 13. நீர் பிரிய லாசிக்ஸ், இதயத்துக்கு மில்ரினோன். நர்ஸ் ஒவ்வொரு டயப்பரையும் எடை போட்டு எழுதுவார். அந்த எண்ணைத்தான் நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். பத்தாம் நாள் சிறுநீர் குறைந்தது, மதிப்பெண் 10 ஆனது. மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள்.

தொடைத் தமனி வழியாக, நூல் மாதிரி ஒரு குழாயை மூளைவரை செலுத்தி, ரத்தம் பட்டதும் உறையும் பசையை விடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைப்பதில்லை. ரத்தக்குழாய்கள் படத்தில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயமருந்தை எடைக்கு ஏற்ற அளவுதான் கொடுக்க முடியும்; இவளோ மூன்று கிலோவைக்கூட எட்டவில்லை. இதயம் மூச்சு விடும் அளவுக்கு அடைத்தால் போதும் என்றார்கள். நான்கு மணி நேரம் ஆனது. ஐந்தாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள், பாலாடையில் ஐந்து மில்லி பால் இறங்கியது.

ஆறாம் மாதம் இரண்டாவது முறை செய்தார்கள். இப்போது பதினாலு மாதம், பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மூளையில் நீர் கோர்க்கிறதா என்று பார்க்க மாதாமாதம் தலைச்சுற்றளவு அளக்கிறோம். மூன்றாவது முறை தேவையா என்பது அடுத்த எம்.ஆர்.ஐ.யில் தெரியும். உச்சியில் எண்ணெய் வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. என் மாமியார் இன்னும் காதோரம் மட்டும்தான் தடவுகிறார்.