கரபிரோ அணையடியில் விலாங்குக் குஞ்சுகள்

டிசம்பர் 6
நியூசிலாந்தின் வைக்காட்டோ ஆற்றில் கடலிலிருந்து ஏறிவரும் விலாங்குக் குஞ்சுகளை முதலில் மறிப்பது கரபிரோ அணை. அதற்கு மேலே இன்னும் ஏழு அணைகள். இங்கே மட்டும் ஏணி வைத்தால் போதாது. பிடித்து லாரியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விட்டுத்தான் ஆகவேண்டும்.

குஞ்சுகளைப் பிடிக்கும் பொறிக்கு ஏறும் சரிவுப்பலகை இன்று பொருத்தியாயிற்று. டர்பைன் நின்றால் அணையடியில் தண்ணீர் இறங்கிவிடும். அந்தத் தாழ்ந்த மட்டத்திலும் பலகையின் அடி நனைந்திருக்க வேண்டும். பலகையைப் பக்கவாட்டில் லேசாகச் சாய்த்தால், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஓர் ஓரத்தில் மெல்லிய ஈரம் நிற்கும்; குஞ்சு ஏறுவது அந்த ஓரத்தில்தான். பலகையில் தண்ணீரை வேகமாக ஓடவிட்டால் குஞ்சை அடித்துக்கொண்டு போகும். குஞ்சுகளை அழைக்கும் தண்ணீருக்குத் தனிக் குழாய். அது பலகையின் அடியில் சளசளவென்று விழட்டும்.

டிசம்பர் 20
ஆற்றுநீர் 16 டிகிரியைத் தாண்டிவிட்டது. இனி இரவில் வரத்து கூடும். பம்பின் வலையில் பாசி அடைத்தால் பலகை காய்ந்து, பாதி ஏறியவை அங்கேயே ஒட்டிச் செத்துப்போகும். முடிந்தால் பம்பே வேண்டாம், மேலிருந்து தானே இறங்கும் தண்ணீர் நல்லது.

ஜனவரி 9
பிடித்தவற்றை வைக்கும் தொட்டியில் கவனம். 12 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குஞ்சு, வயிற்றை ஈரச்சுவரில் ஒட்டி நெளிந்தே செங்குத்தாக ஏறிவிடும். குழாய் மூட்டிலிருந்து வழியும் ஒரு கோடு ஈரம் போதும், விடிவதற்குள் பாதி தரையில் கிடக்கும். சுவரின் மேல்விளிம்பு உலர்ந்து, உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும். குவிந்து கிடந்தால் அடியில் இருப்பவை மூச்சுமுட்டும்; காற்றுக்குழாயை நிறுத்தக் கூடாது, வெயில் ஏறுமுன் ஏற்றிவிட வேண்டும்.

எண்ணிக்கைக்கு 100 கிராம் எடுத்து எண்ணி, மொத்த எடையில் எத்தனை 100 கிராம் உண்டோ அதனால் பெருக்கலாம். வலையில் ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம் வடியவிடாவிட்டால் எடையில் பாதி தண்ணீர்தான். இனம் பிரிக்க முதுகுத் துடுப்பைப் பாருங்கள்: குதத் துடுப்புக்கு நேராகவே தொடங்கினால் குட்டைத்துடுப்பு, வெகு முன்னால் தொடங்கினால் நெடுந்துடுப்பு, இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாதது.

ஜனவரி 28
விடும்போது ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். டிரவுட்டுக்கும் நீர்க்காகத்துக்கும் விருந்தாகிவிடும். கரையோரச் செடி, கற்குவியல் பார்த்துப் பிரித்து விடவும். 2023-இல் கரபிரோ ஏரியில் தங்கச்சிப்பி என்னும் வெளியிலிருந்து வந்து பரவும் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இளஞ்சிப்பி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே தொட்டித் தண்ணீரை வேறு ஆற்றுப்படுகையில் ஊற்றவே கூடாது.

ஏப்ரல் 14
வரத்து ஓய்ந்தது. இலையுதிர்கால மழையில் முதிர்ந்தவை கடலுக்குத் திரும்பும். நெடுந்துடுப்புப் பெட்டை ஒரு மீட்டருக்கு மேல் வளரும். டர்பைனில் சிக்கினால் பிழைப்பது அரிது. அவற்றை மேலேயே வலைவிரித்துப் பிடித்து அணைக்குக் கீழே விட வேண்டும். மழை தொடங்குமுன் வலைகள் தயாராக வேண்டும்.