75 மைலுக்குள் இருந்தால் பார்க்க முடியாது

முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்துக்கு நான் ரசிகனானது நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், ராச்செஸ்டரில் குடியிருந்த ஆண்டுகளில். அங்கே பஃபலோ பில்ஸ்தான் எல்லோருக்கும் சொந்த அணி. டிசம்பர் பிறந்து, பனியும் கொட்டி, அணியும் தோற்றுக்கொண்டிருந்தால், அந்த வாரத்து உள்ளூர்ச் செய்திகளில் எதிரணியின் பலத்தைப் பற்றிய பேச்சைவிட இன்னும் எத்தனை ஆயிரம் டிக்கெட் விற்காமல் கிடக்கிறது என்ற பேச்சே ஓங்கியிருக்கும். அவை விற்றுத் தீராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டம் எங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் வராது. கலிஃபோர்னியாவில் இருப்பவர் பார்க்கலாம், டெக்சாஸில் இருப்பவர் பார்க்கலாம். அரங்கத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த நாங்கள் வானொலியில் வர்ணனை கேட்க வேண்டும். இதற்குத்தான் ‘பிளாக்அவுட்’ என்று பெயர்.

என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீகின் விதி இதுதான்: ஆட்டம் தொடங்குவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்னால் எல்லா டிக்கெட்டுகளும் விற்றாக வேண்டும், இல்லையெனில் அரங்கத்தைச் சுற்றி 75 மைல், அதாவது சுமார் 120 கிலோமீட்டர் வட்டத்துக்குள் சென்றடையும் எந்த நிலையமும் அதை ஒளிபரப்பக் கூடாது. 1973 முதல் 2014 வரை இப்படித்தான் இருந்தது. அதற்கு முன்பிருந்த நிலைமை இதைவிடக் கடுமையானது. டிக்கெட் முழுதும் விற்றிருந்தாலும் சொந்த ஊரில் ஒளிபரப்பு கிடையாது. இறுதிப் போட்டியானாலும் கிடையாது.

இந்த ஏற்பாட்டை அணி முதலாளிகளின் பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன், ஏனென்றால் இது பிறந்தபோது கைவசம் ஒரு கணக்கு இருந்தது. 1950இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி, தொலைக்காட்சிப் பெட்டி தயாரித்துவந்த அட்மிரல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, சொந்த மைதானத்து ஆட்டங்கள் அனைத்தையும் உள்ளூரிலேயே ஒளிபரப்பியது. முந்தைய ஆண்டு சுமார் 2,05,000 பேர் வந்திருந்த அரங்கத்துக்கு அந்த ஆண்டு வந்தவர்கள் சுமார் 1,10,000 பேர். அணி மோசமாக ஆடியிருந்தால் அதன்மேல் பழி போடலாம். ஆனால் அந்த ராம்ஸ் இறுதிப் போட்டி வரை சென்ற அணி. குறைந்த வசூலை ஒப்பந்தப்படி அட்மிரல் ஈடு செய்தது. மறு ஆண்டு உள்ளூர் ஒளிபரப்பை நிறுத்தியதும் கூட்டம் திரும்பி வந்தது. அணியின் வருமானம் என்றால் வாசலில் வசூலாகும் பணம்தான் என்றிருந்த அந்தக் காலத்தில், லீகின் கமிஷனராக இருந்த பெர்ட் பெல் இதைப் பார்த்துவிட்டுப் பயந்து, சொந்த ஊர் ஒளிபரப்பைத் தடுத்ததில் வியப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

லீகின் ஒளிபரப்புக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்க நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடர்ந்தது. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் நீதிபதி ஆலன் கிரிம் அளித்த தீர்ப்பு இருபக்கமும் பார்த்து எழுதப்பட்டது: உள்ளூர் அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளில் அந்தப் பகுதிக்குள் வேறு ஆட்டத்தின் ஒளிபரப்பைத் தடுப்பது நியாயமான கட்டுப்பாடு, அணி வெளியூரில் ஆடும் நாளில் தடுப்பது நியாயமல்ல. பிறகு 1961 செப்டம்பர் 30 அன்று சட்டமான விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் உரிமைகளையும் லீக் ஒரே மூட்டையாகக் கட்டி விற்க அனுமதித்தது. சொந்த ஊர்த் தடைக்கும் அதிலேயே இடம் கொடுத்தது. வினோதம் இங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொலைக்காட்சிப் பணத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே சட்டம், தொலைக்காட்சியிடமிருந்து வாசல் வசூலைக் காக்கும் விதிக்கும் பாதுகாப்பு அளித்தது. முதலாவது வளர வளர இரண்டாவதன் காரணம் தேய்ந்துகொண்டே போகும் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

1958 டிசம்பர் 28 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணி நியூயார்க் ஜெயன்ட்ஸை ஓவர்டைமில் 23–17 என்று வென்ற இறுதிப் போட்டிதான் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியின் செல்லப்பிள்ளை ஆக்கியது என்பார்கள். நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். நியூயார்க் நகரத்து வீடுகளில் மட்டும் அது தெரியவில்லை. 1962 இறுதிப் போட்டிக்கும் அங்கே அதே கதி. தடையை நீக்கக் கோரி நீதிமன்றம் போனவர்களுக்கு வெற்றி கிடைக்கவில்லை. கனெக்டிகட் பக்கம் 75 மைலுக்கு அப்பால் இருந்த மோட்டல்களில் அறை எடுத்து ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர். அரங்கத்துக்குப் போகும் பணத்தைவிடக் கூடுதலாகவே செலவழித்திருப்பார்கள். அரங்கத்தில் இடமில்லை என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஆனால் இந்த விதியின் அபத்தம் முழு வெளிச்சத்துக்கு வந்தது 1972 டிசம்பரில். அந்த ஆண்டு மயாமி டால்ஃபின்ஸ் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 17 வெற்றிகளுடன் முடித்தது. இன்றுவரை வேறெந்த அணியும் அந்தச் சாதனையை எட்டவில்லை. ஆனால் மயாமியில் டிக்கெட் இல்லாமல் வீட்டில் இருந்தவர், அணி உள்ளூரில் ஆடிய ஓர் ஆட்டத்தையும் நேரடியாகத் தொலைக்காட்சியில் பார்த்திருக்க முடியாது. டிசம்பர் 23 அன்று பிட்ஸ்பர்க்கில், ஓக்லண்ட் ரெய்டர்ஸுக்கு எதிராகச் சில நொடிகளே எஞ்சியிருந்தபோது, யார் மேலோ பட்டுத் தெறித்து விழுந்த பந்தைத் தரையைத் தொடும் முன் அள்ளிக்கொண்டு பிட்ஸ்பர்க் அணியின் ஃபிராங்கோ ஹாரிஸ், எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறும் டச்டவுனுக்கு ஓடினார். லீகின் வரலாற்றில் மிக அதிகமாக வாதிக்கப்பட்ட ஓட்டம் அதுதான். பந்து முதலில் யார் மேல் பட்டது என்று அரை நூற்றாண்டாகச் சண்டை போடும் பிட்ஸ்பர்க்காரர்களில் பெரும்பாலோர், அரங்கத்துக்குப் போனவர்களைத் தவிர, அது நடந்த கணத்தில் அதைப் பார்க்கவே இல்லை. அரங்கம் நிரம்பித்தான் இருந்தது. விற்க ஒரு டிக்கெட்டும் இல்லாத இடத்தில் எந்த டிக்கெட் விற்பனையைக் காப்பாற்றினார்கள்?

மறுநாள் வாஷிங்டனில், 1966 முதலே டிக்கெட் தீர்ந்துபோய்க்கொண்டிருந்த ரெட்ஸ்கின்ஸ் அணியின் பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டம். அந்த அணியின் ரசிகர்களில் ஒருவர் அதிபர் ரிச்சர்ட் நிக்சன். டிக்கெட் கிடைக்காதவர்களில் செனட்டர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் இருந்தார்கள். தடையைத் தளர்த்தும்படி அட்டர்னி ஜெனரல் கிளைன்டீன்ஸ்ட் கேட்டும் கமிஷனர் பீட் ரோசெல் மறுத்துவிட்டார். ரோசெல் கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை. தொலைக்காட்சி உரிமைகளைப் பொன்னாக மாற்றியவர் அவர்தான். ஆனால் சட்டம் இயற்றுபவர்களையே சொந்த வீட்டில் வானொலி கேட்க வைத்தது அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குச் சற்றும் பொருந்தாத காரியம். மூன்று வாரம் கழித்து, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிட்டதால், லாஸ் ஏஞ்சலிஸில் அதை ஒளிபரப்ப லீகே சம்மதித்தது. காலம் கடந்த சலுகை. 1973 செப்டம்பர் 14 அன்று, புதிய பருவம் தொடங்க இரண்டே நாள் இருக்கையில், 72 மணி நேரத்துக்கு முன் விற்றுத் தீர்ந்த ஆட்டத்துக்குத் தடை கூடாது என்ற சட்டத்தில் நிக்சன் கையெழுத்திட்டார். அது 1975 இறுதியில் காலாவதியானது; லீக் அதைத் தானாகவே கடைப்பிடித்துவந்தது. மீண்டும் காங்கிரஸைச் சீண்ட வேண்டாம் என்ற எண்ணம்தான், வேறென்ன.

அரைச் சீர்திருத்தம் என்றாலும், பெரிய நகரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சிறிய ஊர்களின் கதை வேறு. 1973இலேயே பஃபலோவுக்கு வெளியே ஆர்ச்சர்ட் பார்க்கில், ஈரி மாவட்ட நிர்வாகம் பொதுப் பணத்தில் கட்டிய புதிய அரங்கம் திறக்கப்பட்டது. இருக்கைகள் சுமார் 80,000. ஆலைகள் மூடப்பட்டு, மக்கள்தொகை குறைந்துகொண்டிருந்த ஓர் ஊரில், கூரையில்லாத அரங்கத்தில், பனிக்காலத்தில் 80,000 இருக்கைகளையும் விற்றால்தான் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். 60,000 இருக்கை உள்ள ஊரில் 60,000 பேர் வந்தால் தடையில்லை. பஃபலோவில் 70,000 பேர் வந்தாலும் தடை. தங்கள் வரிப்பணத்தில் எழுந்த அரங்கத்தின் அளவே அந்த மக்களுக்குத் தண்டனையாக முடிந்தது.

1993 ஜனவரி 3 அன்று அங்கே நடந்ததை மேற்கு நியூயார்க்கில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஹூஸ்டன் ஆயிலர்ஸ் மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் 35–3 என்று முன்னிலையில் இருந்தது. காயம்பட்ட ஜிம் கெல்லிக்குப் பதிலாக, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக இறங்கிய ஃபிராங்க் ரைக், 32 புள்ளிப் பள்ளத்திலிருந்து அணியைத் தூக்கி நிறுத்தினார். ஓவர்டைமில் ஸ்டீவ் கிறிஸ்டி கம்பங்களுக்கிடையே உதைத்த ஃபீல்ட் கோலில் பில்ஸ் 41–38 என்று வென்றது. 2022 டிசம்பரில் மினசோட்டா வைக்கிங்ஸ் முறியடிக்கும்வரை அதைவிடப் பெரிய மீட்சி லீகில் இல்லை. அன்று அரங்கத்தில் 75,000 பேருக்கு மேல் இருந்தார்கள். சில ஆயிரம் இருக்கைகள் காலி என்பதால் உள்ளூரில் ஒளிபரப்பு இல்லை. அரங்கத்திலிருந்தவர்களிலும் ஒரு பகுதியினர் ஆட்டம் போய்விட்டதென்று பாதியில் கிளம்பிவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவன் எழுந்துபோக, வாங்க முடியாதவன் வானொலிப் பெட்டிக்குள் காதை வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தான் என்பதை நினைத்தால், விசுவாசமான ரசிகன் யார் என்று லீக் போட்ட கணக்கில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பிற்காலத்தில் இந்தத் தடையைத் தவிர்க்க நடந்த கூத்துகள் தனி. கெடு நெருங்கும்போது உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையமோ வணிக நிறுவனமோ மிச்ச டிக்கெட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொள்ளும். அணியே வாங்குவதானால் டிக்கெட் விலையில் ஒவ்வொரு டாலருக்கும் 34 சென்ட் வீதம் லீக் கணக்கில் செலுத்தினால் போதும். கெடுவை ஒருநாள் நீட்டிக்கக் கேட்டு, மறுநாள் இன்னொரு நாள் கேட்பார்கள். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் 2005இல் கிட்டத்தட்ட 10,000 இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, அவை விற்பனைக்கே இல்லை என்று சொல்லிவிட்டது. அப்படியும் 2009இல் அதன் எட்டு உள்ளூர் ஆட்டங்களில் ஏழு இருட்டடிக்கப்பட்டன. 2012இல், 85 சதவீதம் விற்றால் போதும் என்று அணிகள் விரும்பினால் முடிவெடுத்துக்கொள்ளலாம் என லீக் தளர்த்தியது. பெரும்பாலான அணிகள் அந்தப் பக்கமே போகவில்லை.

தார்ப்பாய் விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விற்காத டிக்கெட் என்பது விலையிலோ இருக்கை எண்ணிக்கையிலோ அணி செய்த கணிப்பின் பிழை. அதைச் சரிசெய்யும் வழி விற்பவன் கையில் இருந்தது: விலையைக் குறைக்கலாம், இருக்கையைக் குறைக்கலாம். ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது வேறொருவருக்கு. படியேற முடியாத முதியவருக்கும், நான்கு பேர் குடும்பத்தோடு அரங்கம் போக வசதியில்லாத தொழிலாளிக்கும், ஞாயிறன்றும் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலிக்கும் ஒளிபரப்பை மறுத்தால் அவர்கள் டிக்கெட் வாங்கிவிடுவார்களா என்ன? 1950இல் லாஸ் ஏஞ்சலிஸில் வீட்டில் தங்கிவிட்டவர்கள் அரங்கத்துக்குப் போகக் கூடியவர்கள். 2010இல் பஃபலோவில் வீட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எப்படியும் போக முடியாதவர்கள். ஒரே விதிதான், அது பிடித்துவைத்த ஆட்கள்தான் மாறிப்போனார்கள்.

இதற்கு அரசும் துணை நின்றது. தடை செய்யப்பட்ட ஆட்டத்தை வெளியூர் நிலையத்திலிருந்து கேபிள் நிறுவனங்கள் கொண்டுவந்து காட்டக் கூடாது என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1975இல் விதித்தது, பிறகு செயற்கைக்கோள் சேவைக்கும் அது நீண்டது. ரசிகர் அமைப்பு ஒன்று 2011இல் மனுக் கொடுத்தது. விதியை எடுத்தால் ஆட்டங்கள் கட்டணச் சேனல்களுக்குப் போய்விடும் என்று லீக் பயமுறுத்தியது. அந்த மிரட்டலை நான் அன்றே நம்பவில்லை. இலவச நிலையங்களோடு 2022 வரை ஒப்பந்தம் போட்டுப் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எங்கே போவார்கள்? எஃப்.சி.சி. தொகுத்த கணக்கில் 1974இல் 59 சதவீத ஆட்டங்கள் தடைக்குள்ளாகின. 2013இல் 256இல் 2 மட்டுமே. இரண்டில் ஒன்று பஃபலோவில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2014 செப்டம்பர் 30 அன்று ஐந்து ஆணையர்களும் ஒருமனதாக விதியை நீக்கினார்கள். அதிபர் கென்னடி அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டு அன்றோடு 53 ஆண்டுகள். அடுத்த மார்ச்சில், 2015 பருவத்துக்கு மட்டும் சோதனையாகத் தடையை நிறுத்திவைப்பதாக லீக் அறிவித்தது. அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை.

2020இல் பெருந்தொற்றால் பல அரங்கங்கள் ஆளில்லாமல் கிடந்தபோதும் எந்த ஆட்டத்துக்கும் சொந்த ஊரில் தடை இல்லை. அந்தப் பருவம் முடிந்த சில வாரங்களில், 2021 மார்ச்சில், 10,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள புதிய ஒளிபரப்பு ஒப்பந்தங்களை லீக் அறிவித்தது. காலி இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரிந்தால் ஆட்டத்தின் மதிப்பு குறைந்துவிடும் என்ற பழைய வாதத்தை அதற்குப் பின் நான் யார் வாயிலும் கேட்கவில்லை. பஃபலோவின் புதிய அரங்கத்தைச் சுமார் 62,000 இருக்கைகளோடு வடிவமைத்திருக்கிறார்கள். பழையதைவிட வேண்டுமென்றே சிறியது. தட்டுப்பாட்டை இப்போது கட்டடமே உண்டாக்கிக்கொள்கிறது, டிக்கெட் விலையும் அதற்கேற்றபடி ஏறுகிறது. ஆனால் விலை கட்டுப்படாதவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், 75 மைலுக்குள் இருந்தாலும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்த ஊர்த் தடைக்கு இடம் தரும் பிரிவு மட்டும் இன்னமும் அப்படியே இருக்கிறது. லீக் அதைப் பயன்படுத்துவதில்லை. காங்கிரஸ் அதை நீக்கவும் இல்லை. நீக்கிவிட்டால் நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் ‘சோதனையாக’ நிறுத்திவைத்த ஒன்றை மீண்டும் தொடங்க லீக் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.